மீன்தூளைக் குறைத்துத் தாவரப் பொருள்களைச் சேர்க்கும்போது மீன் சதையின் தரத்தைக் காத்தல்: முழுமையான வழிகாட்டி

மீன்தூளும் மீனெண்ணெயும் சேர்ந்த தீவனத்தை இட்டு மீன் வளர்ப்போர், அவற்றில் ஒரு பகுதியைப் பிண்ணாக்கு, தானியப் புரதம், தாவர எண்ணெய் ஆகியவற்றால் ஈடுசெய்ய முனையும்போது எந்த வரிசையில் செயல்பட வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை பொருளின் தேர்வைவிட வேலையின் வரிசையில்தான் நேர்கின்றன. அவற்றில் மிகப் பெரியது, புரதத்தையும் எண்ணெயையும் ஒரே வளர்ப்பில் மாற்றிவிடுவது.

புரத மூலத்தை மாற்றினால் அதன் விளைவு முதலில் வளர்ச்சியிலும் குடலிலும் நீரின் தரத்திலும் தெரியும். எண்ணெயை மாற்றினால் சதையின் கொழுப்பமைப்பிலும் மணத்திலும் தெரியும். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, அறுவடைக்குப் பின் சதை ஏன் தளர்ந்திருக்கிறது என்று கேட்டால் விடை கிடைக்காது. நானும் ஒருமுறை அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றவன்தான். ஆகையால் கீழே புரதம் முதலிலும் எண்ணெய் பின்னரும் வருகின்றன. இரண்டுக்கும் இடையே ஒரு முழு வளர்ப்புக் காலம் இருக்க வேண்டும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே அளவும் ஒரே நீர் ஆதாரமும் கொண்ட குளங்கள், தொட்டிகள் அல்லது கூண்டுகள் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்றில் பழைய தீவனமும் மற்றொன்றில் புதிய தீவனமும் செல்ல வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால், வெயில் குறைந்ததால் மீன் மெலிந்ததா, தீவனத்தால் மெலிந்ததா என்று பிரித்தறிய இயலாது.

கிராம் அளவில் சரியாகக் காட்டும் தராசு, கரைந்த ஆக்சிஜனையும் நீரின் வெப்பத்தையும் அளக்கும் கருவி, மாதிரிச் சதையை உறையவைக்கக் குளிர்ப்பெட்டி, தீவனப் பொருள்களைச் சோதித்துத் தரும் ஆய்வகத்தின் தொடர்பு ஆகியவையும் தேவை. பழைய தீவனத்தின் முழுச் சேர்மானப் பட்டியல் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். எதை எடுக்கிறோம் என்று தெரியாமல் எதை வைப்பது என்று கணக்கிட முடியாது.

2. மீனின் உணவு இயல்பைக் கொண்டு எல்லையை வகுத்தல்

புல்கெண்டை, ரோகு, திலேப்பியா போன்ற தாவர உண்ணிகளும் அனைத்துண்ணிகளும் தாவரப் பொருள்களை நன்றாக ஏற்கும். வளர்ந்த மீனுக்கு மீன்தூளை முற்றிலும் நீக்கினாலும் சமாளிக்கலாம். கொடுவா, சால்மன், டிரவுட் போன்ற ஊனுண்ணிகளுக்கு மாவுச்சத்தைக் கையாளும் திறன் குறைவு. மாவுச்சத்து மிகுந்தால் கல்லீரலில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரைப் பொருள் சேர்ந்து அது வீங்கும். வயிற்றுக் கொழுப்பும் பெருகும். அந்த எடை மீனைத் துப்புரவு செய்யும்போது கழிவாகப் போய்விடும்.

குஞ்சுகளிடம் இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். அவற்றின் புரதத் தேவை மிக அதிகம். குடலும் முழுமை பெற்றிருக்காது. விரலளவைக் கடந்த மீன்களே ஏற்றவை.

பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. பச்சை நீர் கொண்ட குளத்தில் மீன்கள் மிதவை உயிரிகளையும் புழுக்களையும் உண்கின்றன. தீவனத்தில் இல்லாத டாரின் (அமினோ அமிலத்தை ஒத்த ஒரு சத்து), நீள் சங்கிலி ஒமேகா 3 கொழுப்பமிலங்கள், வைட்டமின்கள் ஆகியவற்றை அந்த இயற்கை உணவு ஈடுசெய்துவிடும். தெளிநீர்த் தொட்டியிலும் கூண்டிலும் அந்த உதவி இல்லை. எனவே குளத்தில் வெற்றி பெற்ற சேர்மானத்தை அப்படியே கூண்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

3. மாற்றத்துக்கு முந்தைய நிலையைப் பதிவு செய்தல்

பழைய தீவனம் உண்ட மீன்களில் பத்துப் பதினைந்தை எடுத்து, ஒவ்வொன்றின் மொத்த எடை, கல்லீரல் எடை, குடல் உள்ளிட்ட வயிற்று உறுப்புகளின் எடை, துண்டமாக்கிய சதையின் எடை ஆகியவற்றை எழுதி வையுங்கள். கல்லீரலின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சதை மாதிரிகளைக் காற்றுப் புகாமல் கட்டி உறையவையுங்கள். கொழுப்பமிலப் பகுப்பாய்வுக்கு ஒரு பகுதியை அனுப்புங்கள்.

பலருக்கு இந்தப் படி வீண் செலவாகத் தோன்றும். ஆனால் ஆறு மாதம் கழித்து 'முன்பு சதை உறுதியாக இருந்தது' என்று நினைவிலிருந்து சொல்வதற்கு மதிப்பில்லை.

4. பொருளைத் தேர்ந்து, வாங்கிய சரக்கைச் சோதித்தல்

நல்ல மீன்தூளில் 60 முதல் 70 சதவீதம் வரை புரதம் இருக்கும். எண்ணெய் நீக்கிய சோயாப் பிண்ணாக்கில் 44 முதல் 48 சதவீதமும், கடலைப் பிண்ணாக்கில் 40 சதவீதத்தை ஒட்டியும், மக்காச்சோளப் பசைப்புரதத்தில் 60 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். இந்த எண்களை மட்டும் பார்த்துப் பொருளைத் தேர்ந்தால் ஏமாற நேரிடும், ஏனெனில் ஒவ்வொன்றிலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது.

சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்னும் பொருள் புரதச் செரிமானத்தைத் தடுக்கிறது. சூடு அதை அழிக்கும். ஆனால் சூடு மிகுந்தால், புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களில் ஒன்றான லைசின் கெட்டுவிடும். ஆய்வகத்தில், சூட்டில் அழியும் யூரியேஸ் நொதி சோயாவில் எஞ்சியிருக்கிறதா என்று காட்டும் யூரியேஸ் சோதனையையும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் புரதம் கரையும் அளவையும் கேட்டு வாங்குங்கள். யூரியேஸ் சோதனையில் பி.எச். உயர்வு 0.05 முதல் 0.20 வரை இருப்பது நன்று. கரைதிறன் 85 சதவீதத்துக்கு மேல் சென்றால் பிண்ணாக்கு போதிய அளவு வேகவில்லை; 70 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் கருகும் அளவுக்கு வெந்துவிட்டது. முதல் சோதனை வேகாததை மட்டும் காட்டும், இரண்டாவதுதான் அதிகம் வெந்ததையும் காட்டும் என்பதால் இரண்டும் வேண்டும்.

சால்மன் இனங்களில் சாதாரண சோயாப் பிண்ணாக்கு பின்குடலில் அழற்சியை உண்டாக்குகிறது. சோயாவில் இயல்பாக உள்ள சப்போனின் என்னும் பொருள் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. சூடு அதை நீக்காது. ஆல்கஹாலால் கழுவிய சோயாப் புரதச் செறிவில் அது பெரிதும் நீங்கிவிடுவதால் அந்த மீன்களுக்கு அதையே பயன்படுத்த வேண்டும்.

பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் உள்ள காசிப்பால் லைசினைப் பிடித்துக்கொள்ளும். கடுகுப் பிண்ணாக்கில் உள்ள குளுக்கோசினோலேட்டுகள் தைராய்டைப் பாதிக்கும். இவற்றைச் சிறிய அளவில் மட்டும் சேர்க்கலாம். இலுப்பைப் பிண்ணாக்கைத் தீவனத்தின் பக்கமே கொண்டுவர வேண்டாம். குளத்தில் வேண்டாத மீன்களைக் கொல்லப் பயன்படுவது அது. பெயரில் பிண்ணாக்கு இருப்பதால் மட்டும் தீவனமாகிவிடாது.

கடலைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை ஆகியவற்றில் பூஞ்சை வளர்ந்தால் அஃப்ளாடாக்சின் உண்டாகும். கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்பது பல நாடுகளில் மேல்வரம்பாக இருக்கிறது. வேகவைத்தால் இந்த நச்சு போய்விடும் என்று நினைப்பது தவறு. தீவன ஆலையின் சூட்டுக்கு அது அழிவதில்லை. ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் உள்ள மூட்டைகளை வாங்காமல் இருப்பதே முதல் காப்பு.

செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் 6 முதல் 8 சதவீதம் வரை எண்ணெய் தங்கியிருக்கும். அது சிக்கெடுத்தால் மீனின் சதையிலும் அந்தச் சுவை ஏறும். அரிசித் தவிடும் அரைத்த சில நாள்களிலேயே சிக்கெடுக்கும் என்பதால், புதிதாகக் கிடைக்காத இடத்தில் எண்ணெய் நீக்கிய தவிட்டையே வாங்குங்கள்.

5. புரதத்தைக் கணக்கிட்டு மாற்றுதல்

கிலோவுக்குக் கிலோ மாற்றக் கூடாது. புரதத்துக்குப் புரதம் மாற்றுவதும் போதாது. அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 100 கிலோ தீவனத்தில் உள்ள மீன்தூளில் 10 கிலோவை எடுப்பதாகக் கொள்வோம். 65 சதவீதப் புரதம் என்றால் வெளியேறும் புரதம் 6.5 கிலோ. இதை 46 சதவீதப் புரதமுள்ள சோயாப் பிண்ணாக்கால் ஈடுசெய்ய ஏறக்குறைய 14.1 கிலோ வேண்டும். கூடுதலான 4.1 கிலோவுக்கு இடம் தர, தவிட்டிலிருந்தோ மரவள்ளி மாவிலிருந்தோ குறைக்க வேண்டும்.

இப்போது அமினோ அமிலங்கள். மீன்தூள் புரதத்தில் லைசின் 7.5 சதவீதத்தை ஒட்டியும் மெத்தியோனின் 2.8 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும்; சோயாப் புரதத்தில் முறையே 6.2, 1.4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 6.5 கிலோ புரதத்துக்குக் கணக்கிட்டால் மீன்தூள் 488 கிராம் லைசினும் 182 கிராம் மெத்தியோனினும் தந்தது. சோயா 403 கிராமும் 91 கிராமும்தான் தரும். ஆக 85 கிராம் லைசினும் 91 கிராம் மெத்தியோனினும் குறைகின்றன. விற்பனையில் உள்ள லைசின் ஹைட்ரோகுளோரைடில் லைசின் 78 சதவீதம்தான் என்பதால் 109 கிராம் சேர்க்க வேண்டும். மெத்தியோனின் தூள் கிட்டத்தட்டத் தூய்மையானது, 92 கிராம் போதும்.

பழைய தீவனத்தில் இருந்த அளவை அப்படியே காப்பதற்கான கணக்கு இது. மீனின் தேவைக்கு மேல் பழைய தீவனத்தில் இருந்திருந்தால் முழுவதையும் ஈடுசெய்யத் தேவையில்லை. திலேப்பியாவின் லைசின் தேவை புரதத்தில் 5.1 சதவீதம், கெண்டையின் தேவை 5.7 சதவீதம் என்று பயன்படுத்துவது வழக்கம்.

சோயாவை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று பொருள்களைக் கலப்பது நல்லது. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் அதிகம், லைசின் குறைவு. சோயாவுடன் அது நன்றாக இணையும். கடலைப் பிண்ணாக்கில் இரண்டுமே குறைவு என்பதால், சோயாவின் குறையைக் கடலையால் நிரப்ப முயல்வது ஓட்டைப் பானையால் ஓட்டைப் பானையை நிரப்புவது போன்றது.

தூளாகச் சேர்க்கும் அமினோ அமிலங்கள் நீரில் கரைந்துபோகும். உடலுக்குள்ளும் புரதத்தில் பிணைந்தவற்றைவிட விரைவாக உறிஞ்சப்படும். வயிறு இல்லாத கெண்டை இனங்களில் இந்த வேறுபாடு பெரிது. ஆகவே ஒரு நாள் தீவனத்தை ஒரே வேளையில் இடாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து இடுங்கள்.

கடல்வாழ் ஊனுண்ணிகளுக்கு டாரினும் வேண்டும். தாவரப் பிண்ணாக்குகளில் அது இல்லை என்றே சொல்லலாம். மீன்தூளைப் பெருமளவு குறைத்த தீவனத்தில் டாரினைச் சேர்க்காமல் விட்டால் சில கடல் மீன்களின் கல்லீரல் பச்சை நிறமாக மாறும்.

6. பாஸ்பரஸை ஈடுசெய்தல்

இந்தப் படியை மறப்பவர்களே அதிகம். தாவரப் பொருள்களில் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி மீனின் குடலில் போதிய அளவு இல்லை. பட்டியலில் பாஸ்பரஸ் போதுமான அளவு இருப்பதாகத் தெரியும், மீனுக்குக் கிடைக்காது. எலும்பு வளையும், வளர்ச்சி மந்தமாகும், உடலில் கொழுப்பு சேரும். செரிக்காத பாஸ்பரஸ் நீரில் கலந்து பாசியையும் பெருக்கும்.

வழிகள் இரண்டு. ஒன்று, ஃபைட்டேஸ் நொதியைக் கிலோ தீவனத்துக்கு 500 முதல் 1000 அலகு வரை சேர்ப்பது. சாதாரண ஃபைட்டேஸ் ஆலையின் சூட்டில் அழிந்துவிடும். ஆகவே குருணை (அச்சில் பிழிந்த தீவனத் துண்டு) ஆறிய பின் மேலே தெளிக்க வேண்டும். அது அமிலச் சூழலில் நன்றாக வேலை செய்வதால், வயிறு இல்லாத கெண்டைகளிடம் பயன் குறையும். மற்றொன்று, மோனோ கால்சியம் பாஸ்பேட் சேர்ப்பது. கெண்டைக்கு விலை மலிவான டிரை கால்சியம் பாஸ்பேட்டை வாங்கிச் சேர்த்தால் அதில் பெரும்பகுதி எச்சமாக வெளியேறிவிடும். அதைக் கரைக்க வேண்டிய அமிலம் அந்த மீனிடம் இல்லை.

7. அரைத்தலும் குருணையாக்குதலும்

பிண்ணாக்கை மிக நுண்ணியதாக அரையுங்கள். பரும்படியான துகள்கள் செரிமானத்தைக் குறைக்கும். குருணையையும் நீரில் உடையச் செய்யும். நீரில் போட்ட குருணை அரை மணி நேரமாவது சிதறாமல் இருக்க வேண்டும். மீன்தூளைக் குறைத்தால் ஒட்டும் தன்மையும் மாறும் என்பதால், மாவுச்சத்து நன்றாக வேகும்படி நீராவியின் அளவைத் திருத்த வேண்டியிருக்கும்.

8. படிப்படியாகப் பழக்குதல்

புதிய தீவனத்தை ஒரே நாளில் முழுவதும் இட்டால் மீன்கள் அதைத் தவிர்க்கும். சில குருணையை வாயிலெடுத்து உமிழும். அதைப் பார்த்துவிட்டு 'தாவரத் தீவனம் எடுபடவில்லை' என்று கைவிட்டவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முதலில் நான்கில் ஒரு பங்கு, பின்னர் பாதி, பின்னர் முக்கால் என 10 முதல் 14 நாள் இடைவெளியில் உயர்த்துங்கள். மணம் குறைவதால் உண்ணாமல் இருப்பது தெரிந்தால், நொதியால் கரைத்த மீன் புரதத்தை 1 முதல் 2 சதவீதம் சேர்த்துப் பாருங்கள்.

ஒவ்வொரு படியிலும் உண்ணும் நேரத்தையும் எச்சத்தின் தன்மையையும் கவனியுங்கள். எச்சம் தளர்ந்து மிதந்தால், செரிக்காத நார்ப்பொருள் மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போது அடுத்த படிக்குச் செல்லாமல் அந்த அளவிலேயே நிறுத்தி, சேர்மானத்தைத் திருத்துங்கள். மாறாகத் தொடர்ந்தால் வடிகட்டிகள் அடைபட்டு அம்மோனியா உயரும், பின்னர் நோயும் வரும், பழி மட்டும் பிண்ணாக்கின் மேல் விழும்.

9. எண்ணெயை மாற்றுதல்

புரத மாற்றம் ஒரு வளர்ப்பு முழுவதும் நிலைபெற்ற பின்னரே இதற்கு வாருங்கள். மீனின் சதைக் கொழுப்பு, அது உண்ட கொழுப்பின் சாயலையே பெரிதும் கொண்டிருக்கும். மீனெண்ணெயில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகிய நீள் சங்கிலி ஒமேகா 3 கொழுப்பமிலங்கள் இருக்கின்றன. சோயா, சூரியகாந்தி, பாமாயில் ஆகியவற்றில் அவை அறவே இல்லை. சோயா எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் ஒமேகா 6 வகை லினோலியிக் அமிலத்தை மிகுவிக்கும். ஆளிவிதை எண்ணெயில் ஒமேகா 3 வகை ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் உண்டு. அதை நன்னீர் மீன்கள் ஓரளவு இ.பி.ஏ., டி.எச்.ஏ.வாக மாற்றிக்கொள்ளும், கடல் மீன்களில் பெரும்பாலானவற்றால் மிகக் குறைந்த அளவே இயலும்.

ஆகவே 'ஒமேகா 3 சேர்த்திருக்கிறேன்' என்று ஆளிவிதை எண்ணெயை மட்டும் கலந்துவிட்டுக் கடல் மீன் வளர்ப்பவர் நிம்மதியாக இருக்க முடியாது. டி.எச்.ஏ. தரும் நுண்பாசி எண்ணெய் ஒரு வழி. மீனெண்ணெயில் ஒரு பகுதியைத் தக்கவைப்பது மற்றொரு வழி. எண்ணெயின் தேர்வில் வெப்பமும் பங்கு கொள்கிறது. பாமாயிலின் நிறைவுற்ற கொழுப்பு குளிர்ந்த நீரில் வாழும் மீன்களில் சரியாகச் செரிப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடலில் இருந்து மீனெண்ணெய் வழியாக வரும் டையாக்சின் போன்ற மாசுகள் தாவர எண்ணெயால் குறைகின்றன. சிதைவுக்கு எளிதில் உள்ளாகும் டி.எச்.ஏ. குறைவதால், சதை உறைநிலையில் சிக்கெடுக்காமல் கூடுதல் நாள் இருக்கும். எனவே தரம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது, நீங்கள் எந்தத் தரத்தைக் குறித்துக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. என் கருத்தில், மீனை ஒமேகா 3க்காகவே வாங்குவோருக்கு விற்பவர் இந்த இழப்பைச் சிறிதாக எண்ணக் கூடாது.

10. அறுவடைக்கு முன் மீனெண்ணெய்க்குத் திரும்புதல்

வளர்ப்பின் பெரும்பகுதிக்குத் தாவர எண்ணெயையும் இறுதிக் கட்டத்தில் மீனெண்ணெயையும் கொடுத்து, இழந்த கொழுப்பமிலங்களில் கணிசமான பகுதியை மீட்கலாம். எத்தனை வாரம் என்று கேட்பவர்களுக்கு நாள்காட்டியைவிட எடையைப் பார்க்கும்படி சொல்வேன். பழைய கொழுப்பு வெளியேறுவதைவிட, புதிய கொழுப்பு மேலே சேர்ந்து அதை நீர்க்கச் செய்வதே முக்கிய நிகழ்வு. சதையின் மொத்தக் கொழுப்பு இருமடங்கானால் பழையதன் பங்கு ஏறக்குறைய பாதியாகும். ஆகவே வேகமாக வளரும் மீனில் பலன் விரைவாகத் தெரியும். குளிர்காலத்தில் வளராமல் நிற்கும் மீனுக்கு இரண்டு மாதம் மீனெண்ணெய் கொடுத்தாலும் செலவுதான் மிஞ்சும். சந்தை எடைக்கு வந்துவிட்ட மீனுக்கு இதைத் தொடங்குவது காலம் கடந்த செயல்.

லினோலியிக் அமிலம் மட்டும் எளிதில் இறங்காது. மீனெண்ணெய்க்குத் திரும்பிய பின்னும் அது சதையில் தங்கி நிற்கும். அதைக் குறைவாக வைத்திருக்க விரும்பினால், தொடக்கத்திலேயே சூரியகாந்தி எண்ணெயைத் தவிர்ப்பதுதான் வழி.

11. சதையைச் சோதித்தல்

அறுவடைக்கு முன் ஒன்று அல்லது இரண்டு நாள் தீவனத்தை நிறுத்துங்கள். படி 3இல் அளந்த அனைத்தையும் இரு குழுக்களிலும் அதே முறையில் அளந்து ஒப்பிடுங்கள். துண்டமாக்கிய சதையின் விகிதம் குறைந்து வயிற்றுக் கொழுப்பு கூடியிருந்தால், மாவுச்சத்து மிகுந்ததா, அமினோ அமிலம் குறைந்ததா என்று படி 5இன் கணக்கை மறுபடி பாருங்கள்.

வெண்சதை மீனில் மஞ்சள் சாயல் தெரிந்தால், மக்காச்சோளப் பசைப்புரதத்தைச் சந்தேகியுங்கள். அதிலுள்ள சாந்தோஃபில் நிறமிகள் சதையில் படிகின்றன. தீங்கு இல்லை என்றாலும் வாங்குவோர் பழைய மீன் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

மண்வாடையைத் தீவனத்தின் மேல் ஏற்றும் பிழையை இங்கேதான் அடிக்கடி காண்கிறேன். அந்த வாடைக்குப் பெரும்பாலும் காரணம், நீலப்பச்சைப் பாசிகளும் சில நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின், மெத்தில் ஐசோபோர்னியால் என்னும் பொருள்கள். அவை நீரிலிருந்து செவுள் வழியாக ஏறுகின்றன. தூய ஓடுநீரில் மீனைச் சில நாள்கள் விட்டுச் சுவைத்துப் பாருங்கள். வாடை போய்விட்டால் தீவனம் குற்றமற்றது. கொழுப்பு மிகுந்த மீனுக்குக் கூடுதல் நாள்கள் ஆகும்.

சுவைச் சோதனையை, எந்தத் துண்டு எந்தக் குழுவினது என்று சுவைப்பவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் ஆவியில் வேகவைத்த மூன்று துண்டுகளை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். இரண்டு ஒரே குழுவிலிருந்தும் ஒன்று மற்றதிலிருந்தும் இருக்கட்டும். வேறானது எது என்று மட்டும் கேளுங்கள், எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். குருட்டு ஊகத்தாலேயே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், 12 பேரில் குறைந்தது 8 பேர் சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்மையாக இருக்கிறது என்று கொள்ளலாம். அதற்குக் குறைந்தால் வேறுபாடு இருப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதி வையுங்கள்.

மீதமுள்ள மாதிரிகளைப் பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரியில் மூன்று மாதம் வைத்திருந்து, உருகும்போது வடியும் நீரை எடை போட்டு, இதே சுவைச் சோதனையை மறுபடி நடத்துங்கள். புதிதாக இருந்தபோது ஒன்றுபோல இருந்த இரு குழுக்கள் இந்தக் கட்டத்தில் பிரிந்துவிடுவது உண்டு. புதிய தீவனம் உண்ட குழு மட்டும் சிக்கெடுத்திருந்தால், செக்குப் பிண்ணாக்கின் எண்ணெயையும் தீவனத்தின் வைட்டமின் இ அளவையும் முதலில் சரிபாருங்கள்.